முட்டை வடிவ எனாமல் வெள்ளி நாணயம்: அடர்த்தி 8.95 வருகிறது, போலியா?

தராசுமுள்

வணக்கம். ரஷ்ய ஜார்களின் ஈஸ்டர் முட்டைகளைப் பார்த்துச் செய்த முட்டை வடிவ நாணயம் ஒன்று, மறுவிற்பனையில் வாங்கியது. ஒரு பக்கம் இரண்டாம் எலிசபெத் தலை, 5 டாலர் முகமதிப்பு. மறுபக்கம் நீல எனாமல் போட்ட முட்டை, நடுவில் கடிகார முகப்பு, உச்சியில் சேவல், சுற்றிலும் பொடிப்பொடியாகக் கற்கள், ஆங்காங்கே தங்க முலாம். எனாமல் இல்லாத இடமெல்லாம் முகம் பார்க்கலாம் போலப் புரூஃப் பளபளப்பு. கூட வந்த சான்றிதழில் 925 வெள்ளி, 20 கிராம், 42 × 30 மி.மீ., "கிளாசனே எனாமல்", "இம்பீரியல் முட்டை" என்று இருக்கிறது.

0.01 கிராம் தராசில் எடை 20.04. அதில் பிரச்சினை இல்லை. தராசின் மேல் தண்ணீர் கிளாஸ் வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தைப் பூக்கட்டும் நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிட்டால் 2.24 காட்டுகிறது, அதுதான் நாணயத்தின் கன அளவு. 20.04-ஐ 2.24-ஆல் வகுத்தால் 8.95. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு, அதாவது இந்த 925-க்கு, 10.36 வர வேண்டாமா? 8.96 செம்பின் கணக்கு. வெள்ளி முலாம் பூசிய செம்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இன்னும் இரண்டு கேள்விகள். அந்த எனாமல் உண்மையிலேயே சூளையில் சுட்டதா? முலாமும் வெள்ளியும் சேரும் விளிம்பில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் ஏழெட்டு இருக்கின்றன. கழுவலாமா? நாணயத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கேப்சூலும் விரிசல் விட்டிருக்கிறது. வட்ட கேப்சூல் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

எடைக்கல்

அவசரப்பட்டு விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இந்தச் சோதனை ஒரே உலோகத்தால் ஆன காசுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். உங்கள் நாணயத்தில் வெள்ளி, எனாமல், கல், பசை எல்லாம் இருக்கின்றன. எனாமல் சுட்ட கண்ணாடியாக இருந்தால் அடர்த்தி 2.5-க்குக் கொஞ்சம் மேலே, ரெசினாக இருந்தால் 1.2 சுமார். இடத்தை அடைக்கும், எடை தராது. அதனால் மொத்த அடர்த்தி இறங்கும். ஒரு கிராம் கண்ணாடி எனாமலும் 19 கிராம் ஸ்டெர்லிங்கும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 8.95-தான் வரும். அசல் எனாமல் வெள்ளி, வெறும் செம்பு மாதிரியே தராசில் நிற்கும்.

ஆனாலும் 8.95 எனக்குச் சற்றுக் குறைவாகப் படுகிறது. இரண்டு இடத்தில் சந்தேகம். ஒன்று நூல். பூக்கட்டும் நூல் பருத்தி, தடிமன் அதிகம். மூழ்கிய நூலின் கன அளவும் உங்கள் 2.24-க்குள் சேர்ந்துவிட்டது. முடிச்சு வேறு. இரண்டாவது காற்றுக் குமிழி. கற்களுக்கு நடுவிலும் சேவலின் இறகு இடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மறுபடி அளப்பதானால் இப்படி. டிஸ்டில்டு வாட்டரைக் கொதிக்க வைத்து, மூடி, அறைச் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கரைந்த காற்று போய்விடும். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப் ஒரே ஒரு சொட்டு அதில் விடுங்கள், நீர் இடுக்குகளில் ஏறும். மெல்லிய நைலான் நரம்பில் ஒற்றைச் சுருக்குப் போட்டு, நாணயத்தைச் சாய்வாக இறக்குங்கள். படுக்கை வாட்டில் இறக்கினால் அடியில் குமிழி மாட்டும். நீருக்குள்ளேயே மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் கற்களை ஒருமுறை தொட்டுவிட்டு, அதன் பிறகு தராசைப் பாருங்கள். மூன்று முறை அளந்து மூன்றும் 0.02-க்குள் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளலாம்.

நீலச்சூளை

எடைக்கல் சார் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல் வைத்த நாணயத்தைத் தண்ணீரில் போடுவதே எனக்கு ஒப்பவில்லை. இந்த மாதிரிப் பொடிக் கற்களில் பல, பின்புறம் ஃபாயில் பூச்சு உள்ளவை. பசைக்கும் கல்லுக்கும் நடுவே ஈரம் இறங்கினால் ஃபாயில் கறுத்துப்போகும், கல் செத்த மீன் கண் மாதிரி ஆகிவிடும். அளந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நிமிஷத்துக்குள் முடியுங்கள். பிறகு சோப் இல்லாத டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முக்கு. நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது, புரூஃப் பரப்பில் ஒரு தேய்ப்பு போதும் மயிரிழைக் கீறல் விழ. கல் பக்கம் கீழே பார்க்கும்படி டிஷ்யூ மேல் ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், பசை இளகும். அசிட்டோன் கூடவே கூடாது.

எனாமல் விஷயம். நீங்கள் சொன்ன ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது: கண்ணாடிப் பளபளப்புள்ள புரூஃப் பரப்பு. நகை எனாமல் பெரும்பாலும் 700 முதல் 800 டிகிரி செல்சியஸில் சுடப்படுகிறது. 925 வெள்ளி 800 டிகிரி சுமாரிலேயே உருகத் தொடங்கிவிடும், அதனால் சுடுகிறவனுக்குக் கை நடுங்கும். அந்தச் சூட்டில் கலவையிலுள்ள செம்பு ஆக்ஸைடாகி மேலே கறையாக எழும்பும். அதை அமிலத்தில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், அதோடு அச்சில் வந்த பளபளப்பும் போய்விடும். எனாமல் போட்ட பிறகு மறுபடி அச்சடிக்கவும் முடியாது, கண்ணாடி தூளாகிவிடும். ஆகவே குறையில்லாத புரூஃப் பரப்பும், அதே தகட்டின் மேல் சுட்ட எனாமலும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் குறைந்த சூட்டில் இறுகும் ரெசின்தான். கடைப் பேச்சில் குளிர் எனாமல். ஒரே விதிவிலக்கு, எனாமல் துண்டைத் தனியாகச் சுட்டு நாணயத்தின் குழியில் பதிப்பது. அப்படியானால் ஓரம் முழுக்க மெல்லிய இணைப்புக் கோடு தெரியும்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (நகைக்காரர் உருப்பெருக்கி) பாருங்கள். சுட்ட எனாமலைக் கல்லால் அரைத்து, அதைச் சுற்றியுள்ள உலோகச் சுவரின் மட்டத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள், நகத்தை ஓட்டினால் தடங்கல் இருக்காது. ரெசின் சுவரோரம் கொஞ்சம் ஏறி, நடுவில் உப்பியோ குழிந்தோ நிற்கும். குமிழி இரண்டிலும் உண்டு, அதை நம்ப வேண்டாம். நம்ப வேண்டியது தூசி. எனாமலுக்குள்ளே பஞ்சு இழையோ பிரஷ் முடியோ வளைந்து கிடப்பதைப் பார்த்தீர்களானால் வழக்கு முடிந்தது, 750 டிகிரியில் முடி மிஞ்சாது. நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது எனாமலே இல்லை, அச்சடித்த சாயம். 365 நானோமீட்டர் யூவி டார்ச்சில் பல ரெசின்கள் வெளிர் நீலமாக ஒளிரும், சில கண்ணாடிகளும் ஒளிரும், எனவே அதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் கீறிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

"கிளாசனே" என்ற சொல்லுக்கு வருவோம். தட்டையான மெல்லிய கம்பியை வளைத்து அறை அறையாக அடைத்து, ஒவ்வொரு அறையிலும் எனாமல் நிரப்புவதுதான் அந்த வேலை. கம்பியின் முனை இன்னொரு கம்பியைத் தொடும் இடத்தில் நூலிழை இடைவெளி தெரியும், கம்பி ஒரே தடிமனில் ஓடும். நாணயத்தில் அந்தச் சுவர்கள் அச்சிலிருந்தே எழும்பி வந்திருந்தால் இடைவெளி எங்குமே இருக்காது, மூலைகள் உருண்டு, சுவர் அடியில் அகன்று மேலே குறுகும். அது குழி எனாமல் வகை. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே பேரில் போட்டுவிடுகிறார்கள்.

அசல் முட்டைகளில் அதிகம் புழங்கியது இரண்டும் இல்லை என்பது வேறு கதை. உலோகத்தின் மேல் ரோஸ் எஞ்சின் கடைசலில் அலைக்கோடுகள் வெட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் எனாமலை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகச் சுடுவார்கள். அதற்குப் பெயர் கியோஷே. 1897 முடிசூட்டு முட்டையின் மஞ்சளுக்கு அடியில் சூரியக் கதிர் மாதிரி தெரிகிறதே, அதுதான். நாணயத்தில் அந்த அலைக்கோடும் அச்சிலேயே வந்துவிடும், லூப்பில் அதன் முகடு மழுங்கலாகத் தெரியும். கடைசலில் வெட்டிய கோடு கத்திவாய் மாதிரி மின்னும்.

தராசுமுள்

இருவருக்கும் நன்றி. நைலான் நரம்பில், சோப்புச் சொட்டோடு மூன்று முறை அளந்தேன்: 2.13, 2.14, 2.13. அடர்த்தி 9.4 வருகிறது. கற்கள் நிறம் மாறவில்லை. லூப்பில் கடிகார முகப்புக்குக் கீழே நீலத்துக்குள் ஒரு வளைந்த இழை தெரிகிறது, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சுவரோரமும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. ஆக, ரெசின். வெள்ளி விஷயத்தில் 9.4 போதுமா?

எடைக்கல்

9.4 வந்தது நல்லது. செம்பு 8.96, பித்தளை 8.5 பக்கம். வெறும் செம்பால் 9.4-ஐ எட்டவே முடியாது, அதன் மேல் எனாமல் ஏற ஏற இன்னும் இறங்கத்தானே செய்யும்.

கணக்கைச் சரிபார்க்கலாம். 20.04 கிராம் முழுக்க ஸ்டெர்லிங்காக இருந்தால் 1.93 கன செ.மீ. இடம் பிடிக்கும். உங்களுடையது 2.13. அதிகப்படி 0.20. ரெசினும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடை சுமப்பதால் அதைக் கழித்துத் திருத்தினால் ரெசின் 0.22 கன செ.மீ., எடை கால் கிராமுக்குச் சற்று மேல். 42 × 30 முட்டையின் ஒரு பக்கப் பரப்பு கிட்டத்தட்ட 10 சதுர செ.மீ. எனாமல் அதில் 6 பிடித்திருக்கிறது என்று வைத்தால் ஆழம் 0.37 மி.மீ. நாணயக் குழிக்கு இது பொருத்தமான ஆழம்தான். இதே ரெசினை ஏற்றிய செம்பாக இருந்தால் 8.25, பித்தளையாக இருந்தால் 7.9 பக்கம் காட்டியிருக்கும்.

மிச்சம் ஒரே ஓட்டை, ஈயம் கலந்த கலவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, அதனால் எனாமலோடு சேர்த்து 9.4-க்குச் சமன் செய்துவிட முடியும். அதைப் பிடிக்கக் காந்தம் போதும். நாணயத்தை 45 டிகிரி சாய்த்து, எலிசபெத் பக்கத்தில் சின்ன நியோடிமியம் காந்தத்தைச் சறுக்கவிடுங்கள். கீறல் விழாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. வெள்ளியில் காந்தம் எண்ணெயில் இறங்குவது போல மெதுவாக இறங்கும். ஈயத்தின் மின்கடத்தும் திறன் வெள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, விறுட்டென்று ஓடிவிடும். எனாமல் பக்கத்தில் செய்யாதீர்கள், இடைவெளி கூடி விளைவு மங்கும்.

நகைக்கடையில் எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைப்பதானால், முலாம் இல்லாத இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முலாம் மேல் வைத்தால் தங்கம் இத்தனை சதவீதம் என்று வேடிக்கையான எண் வரும். அந்தக் கதிர் சில பத்து மைக்ரான்தான் உள்ளே போகும், தடித்த முலாமில் ஏமாறும். அதனால் மெஷின் சொல்வதை அடர்த்தியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அலமாரி

கறுப்புப் புள்ளிகளைத் தொடாதீர்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். முலாம் மெல்லியது, அதில் நுண்துளைகள் உண்டு. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்தத் துளை வழியாக அடியிலிருக்கும் வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்ஃபைடாக்குகிறது, அது துளை வழியே மேலே கசிந்து புள்ளியாக நிற்கிறது. வெள்ளி கழுவக் கடையில் விற்கும் டிப் திரவத்தில் அமிலமும் தையோயூரியாவும் இருக்கும். புள்ளி கரையும், ஆனால் அந்த இடத்தில் வெளிறிய குழி மிஞ்சும், முலாமின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். ரெசினுக்கும் சுவருக்கும் நடுவே திரவம் புகுந்தால் எத்தனை முறை அலசினாலும் வெளியே வராது, ஆறு மாதம் கழித்து அங்கிருந்தே கறுப்பு கிளம்பும். அலுமினிய ஃபாயில், சோடா, கொதிநீர் முறை சாதாரண வெள்ளிக் கிண்ணத்துக்குச் சரி. இங்கே சூட்டில் பசை இளகும், பளபளப்பில் மங்கல் படரும். அல்ட்ராசானிக் தொட்டி கற்களை உதிர்த்துவிடும்.

பரவாமல் நிறுத்துவதுதான் வேலை. நாணயம் வந்த வெல்வெட் பெட்டியை நாணயம் இல்லாமல் தனியே வையுங்கள், விற்கும்போது வேண்டும். அந்தத் துணியும் பசையும் கந்தகம் கக்கக்கூடியவை. கம்பளி, ரப்பர் பேண்டு, ஓக் மரப்பெட்டி மூன்றும் வேண்டாம். சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குறைக்கும், கந்தகத்தைப் பிடிக்காது. அதற்கு வெள்ளி கறுக்காமலிருக்க வைக்கும் உறிஞ்சுத் தாள் தனியாக உண்டு. வெள்ளிக் கரண்டியால் அவித்த முட்டை சாப்பிட்டால் கரண்டி கறுப்பதும் இதே கந்தகத்தால்தான். முட்டை நாணயத்துக்கு முட்டையே எதிரி!

ரெசின் என்று தெரிந்துவிட்டதால் வெயில் படும் ஷோகேஸும் வேண்டாம். ரெசின் நாளடைவில் மஞ்சளடிக்கும். வெள்ளை எனாமல் பாலாடை நிறமாகும், உங்கள் நீலம் பச்சை பக்கம் சாயும்.

கேப்சூலுக்கு வழி: 50 மி.மீ. சதுர அக்ரிலிக் டப்பாவும், அதற்குள் பாலிஎதிலீன் ஃபோமும். நாணயத்தைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே புதுப் பிளேடால் வெட்டுங்கள். ஃபோம் தானாக விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஃபோமின் உயரம் நாணயத்தின் தடிமனை விட ஒரு மில்லிமீட்டராவது கூட இருக்கட்டும், இல்லாவிட்டால் சேவல் மூடியில் உரசும்.

வாங்கும் பிளாஸ்டிக் பிவிசியாக இருக்கக் கூடாது, அது வெள்ளியில் பச்சைப் பிசுக்கைப் படியவைக்கும். சந்தேகமிருந்தால் ஒரு செம்புக் கம்பியை கேஸ் அடுப்புத் தீயில் சுடர் நிறம் மாறாத வரை காய்ச்சி, சூட்டோடு பிளாஸ்டிக்கின் ஓரத் துணுக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

பெர்கின்தாசன்

வெள்ளி ஆராய்ச்சியில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நீலக் கியோஷே, நடுவில் கடிகாரம், உச்சியில் சேவல். இது ஜார் குடும்பத்து முட்டையே இல்லை! 1904-இல் கெல்க் குடும்பத்துக்காகச் செய்த சாண்டிக்ளீர் முட்டை. மணிக்கு ஒருமுறை சேவல் மேலே எழும்பி, சிறகடித்து, கூவும். அலெக்சாண்டர் கெல்க் என்ற பணக்காரர் தன் மனைவிக்காக 1898 முதல் 1904 வரை வாங்கிய ஏழு முட்டைகளில் கடைசி அதுதான். ஜாருக்குச் செய்த அதே ஃபாபெர்ஜே பட்டறை, அதே பட்டறைத் தலைவர் மிகயில் பெர்கினின் முத்திரை என்பதால் எல்லோரும் குழம்புவார்கள். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஃபாபெர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே போலச் சேவல் எழும்பும் இளஞ்சிவப்பு முட்டை ஒன்று உண்டு, அது 1902-இன் ராத்சைல்டு முட்டை. அதுவும் இம்பீரியல் இல்லை.

இம்பீரியல், அதாவது ஜார் குடும்பத்துக்காகச் செய்தது, என்று சொல்லத் தக்கவை 50. மூன்றாம் அலெக்சாண்டர் 1885 முதல் 1894 வரை ஆண்டுக்கு ஒன்று, பத்து. இரண்டாம் நிக்கோலஸ் தாய்க்கும் மனைவிக்குமாக ஆண்டுக்கு இரண்டு. ஜப்பானியப் போர் காரணமாக 1904, 1905 இரண்டு ஆண்டும் கிடையாது. 1895 முதல் 1903 வரை 18, 1906 முதல் 1916 வரை 22, மொத்தம் 40. 1917-க்குத் தொடங்கிய இரண்டும் கைக்குப் போய்ச் சேரவில்லை. சிலர் 52 என்று எழுதுவது அவற்றையும் சேர்த்து.

ஃபாபெர்ஜே என்பது வணிகமுத்திரை. அந்தப் பெயரைப் போட அனுமதி வேண்டும். அதனால்தான் பசிபிக் தீவு நாடுகளான நியுவே, குக் தீவுகள் பெயரில் வரும் இத்தகைய வெளியீடுகள் சிலவற்றில் வெறும் "இம்பீரியல்" என்ற அடைமொழி மட்டும் தென்படும். அந்த அடைமொழியை வைத்து எந்த முட்டை என்று முடிவு செய்யாதீர்கள், படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மறுபக்கம் எலிசபெத் தலை இருப்பதைக் கேலி செய்வார்கள், எனக்கு அதில் கேலி தெரியவில்லை. பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் மூன்று நிஜ இம்பீரியல் முட்டைகள் இருக்கின்றன: 1901-இன் பூக்கூடை, 1910-இன் தூண்மண்டபம், 1914-இன் மொசைக்.

விலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 20 கிராமில் 925 என்றால் சுத்த வெள்ளி 18.5 கிராம், ட்ராய் அவுன்ஸில் 0.595. உருக்கு மதிப்பு அவ்வளவுதான், மேலே கொடுப்பதெல்லாம் எனாமலுக்கும் பெட்டிக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்கும். சான்றிதழிலுள்ள எண்ணிக்கை உச்சவரம்பு, அத்தனையும் அச்சானதாக அர்த்தமில்லை. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் கைமாறி முடிந்த விலையைப் பாருங்கள்.

தராசுமுள்

காந்தம் மெதுவாகத்தான் இறங்கியது. கெல்க் முட்டை என்பது எனக்குப் புதுச் செய்தி. சான்றிதழில் "இம்பீரியல்" என்று இருப்பதை வைத்து விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

பெர்கின்தாசன்

உலோகமும் எடையும் சரியாக இருப்பதால் அதில் கேட்க ஒன்றுமில்லை. நாணயத்தின் மேல் பொறித்திருப்பது என்ன, சான்றிதழில் அச்சடித்தது என்ன, விற்பனைப் பக்கத்தில் அவராகச் சேர்த்தது என்ன என்று மூன்றையும் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் வெளியீட்டாளரின் வேலை. மூன்றாவதில் அவராக "சுட்ட எனாமல்" என்று எழுதியிருந்தால் மட்டும், அந்த இழையை லூப் வழியாகப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

நீலச்சூளை

படமெடுக்கும்போது வெளிச்சத்தைப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கையாகக் கொடுங்கள். நேர் மேலிருந்து கொடுத்தால் நீலத்தின் பளபளப்பில் இழை மறைந்துவிடும்.